அறுபதைத் தாண்ட வேண்டிய எடை

குத்துச்சண்டைக்குக் கை வேண்டும், கால் வேண்டும், கொஞ்சம் மூளையும் இருந்தால் நல்லது. ஆனால் இதையெல்லாம் காட்டுவதற்கு முன்னால், ஜட்டியோடு ஒரு எடை மிஷின் மேல் ஏறி நிற்க வேண்டும். பாதிப் பேருடைய தலையெழுத்து அங்கேயே முடிவாகிவிடுகிறது. மேடையில் நடப்பதைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது, பாவம்.

சின்னவனுக்கு இது அத்துப்படி. வீட்டில் அண்ணனைப் பெரியவன் என்றும் இவனைச் சின்னவன் என்றும் கூப்பிட்டுப் பழகி, ஜிம்மிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. இருவரும் ஒரே மாஸ்டரிடம் கற்றவர்கள், ஒரே எடைக்காரர்கள். பெரியவன் அறுபது கிலோ சாம்பியன், அந்தப் பட்டத்துக்கான பெல்ட் அவனிடம் இருந்தது. சின்னவன் அதே அறுபது கிலோவில் வரிசையின் முதல் ஆள், அதாவது சாம்பியனோடு அடுத்து மோத உரிமை உள்ளவன். அந்த உரிமையை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வது? சாம்பியன் கூடப்பிறந்த அண்ணனாயிற்றே. அண்ணன் மூக்கை உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து அண்ணி கையால் சாப்பிட அவனுக்கு மனசு வரவில்லை. அப்படி ஒரு போட்டியை நடத்த ஆசைப்பட்டவர்களும் இருந்தார்கள். மாஸ்டர் அவர்களைக் கெட்ட வார்த்தை சொல்லித் துரத்தினார்.

ஒருமுறை சின்னவன் மேல் எடைக்குப் போய்ப் பார்த்தான். அறுபத்து மூன்றரை. அங்கே உள்ளவர்களுக்கு எலும்பே வேறு மாதிரி இருந்தது. இரண்டு பல்லைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து வரிசையில் பழைய இடத்தில் நின்றுகொண்டான். நின்றான், நின்றான், நின்றுகொண்டே இருந்தான். முதலில் ஆசையோடு நின்றான், பிறகு கோபத்தோடு, அதற்குப் பிறகு எதுவும் இல்லாமல். கால் மரத்துப்போனவன் உட்காரவும் மறந்து நிற்பதைப்போல அவன் மனசு மரத்துப்போயிருந்தது.

சும்மா நிற்க முடியாதல்லவா, அண்ணனுக்கு வேலை பார்த்தான். பை தூக்குவது, கைக்குக் கட்டுப் போடுவது, மேடை மூலையில் வாளி பிடிப்பது. எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை அண்ணனை வற்றவைப்பது. எடை பார்க்கும் நாள் நெருங்கினால் பெரியவனுக்குப் பிளாஸ்டிக் சட்டை மாட்டிவிட்டு, அதன்மேல் கம்பளிச் சட்டை மாட்டிவிட்டு, கயிறு தாண்ட வைப்பான். வேர்வை ஊற்றும். தாகம் என்று கெஞ்சினால் ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, "கொப்பளி... துப்பு" என்பான். பெரியவன் துப்புவான். விழுங்கினால் கன்னத்தில் ஒரு தட்டு விழும். ஊரே பார்த்துப் பயப்படும் சாம்பியன், தம்பி சொன்னால் துப்புவான். அண்ணி இதைப் பார்த்து எத்தனையோ தடவை சிரித்திருக்கிறாள், சில தடவை அழுதும் இருக்கிறாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மாஸ்டர் அந்தத் திட்டத்தோடு வந்தார்.

"பெரியவனுக்கு வயசு முப்பத்தேழு. இனிமே அறுபதுக்கு வத்த வச்சா செத்துருவான். மேல போகட்டும். அறுபத்து மூணரை சாம்பியன் நம்மளோட மோத ரெடின்னு சொல்லியிருக்கான். ஆனா பெரியவன் கையில பெல்ட்டோட வந்தாத்தான் மோதுவானாம்."

அந்தச் சாம்பியனை எல்லோரும் ஊசி என்பார்கள். இடது கையை நீட்டினால் குத்தியதே தெரியாது, அப்புறம்தான் ரத்தம் வரும். வயது இருபத்து நான்கு.

மாஸ்டர் ஜிம் தரையில் உட்கார்ந்து, வேர்வைத் துண்டை விரித்து, அதன்மேல் இரண்டு கையுறைகளை வைத்து விளக்கினார். அவருக்கு எதையும் பொம்மை வைத்துத்தான் சொல்ல வரும்.

"இது கீழ் எடை பெல்ட்டு, இது மேல் எடை பெல்ட்டு. ஒருத்தன் ரெண்டையும் வச்சிருக்கக் கூடாது. பெரியவன் ஜெயிச்சா மேல போய் உக்காந்துருவான், கீழ் நாற்காலி காலி. காலி நாற்காலிக்கு வரிசையில முதல் ரெண்டு ஆளு மோதணும். அதுல ஒருத்தன் நம்ம சின்னவன்."

"தோத்தா?" என்றான் பெரியவன்.

"தோத்தா மேல் பெல்ட்டு கிடைக்கல, அவ்வளவுதான். கீழ் பெல்ட்டு உன்கிட்டயே இருக்கும். நீ அதை மேஜை மேல வச்சிட்டு வீட்டுக்குப் போயிருவ. அப்பவும் நாற்காலி காலி, அப்பவும் சின்னவன்தான்."

"அப்ப எப்படிப் பாத்தாலும் இவனுக்கு வழி இருக்கு."

"இருக்கு. ஒரு ஓட்டையைத் தவிர." மாஸ்டர் ஒரு கையுறையை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்தார். "மேல் எடை சண்டைதான். ஆனா எடை பாக்கும்போது ரெண்டு பேருமே அறுபதுக்குள்ள இருந்துட்டா, கீழ் பெல்ட்டும் பந்தயத்துல வந்துரும். அது சங்கத்தோட பழைய விதி. ஊசி போன வருஷம்தான் கீழ இருந்து மேல போனவன். அவன் கண்டிப்பா அறுபதுக்குள்ளதான் வருவான், ஒரே அடியில ரெண்டையும் அள்ளப் பாப்பான். நம்மாளு அறுபதுக்கு மேல நின்னாப் போதும். கால் கிலோ மேல இருந்தாக்கூடப் போதும்."

"அவன் ரெண்டையும் எடுத்தா ஒண்ணை விடணும்ல?" என்று கேட்டாள் அண்ணி. சாப்பாட்டுக் கூடையோடு வந்தவள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"விடணும்மா. ஆனா அவனுக்கு ஒரு வருஷம் டைம் உண்டு, யோசிச்சு விடலாம், அதுவரைக்கும் யாரோடயும் மோத வேண்டியதில்ல. அதுக்குள்ள நம்ம சின்னவனுக்கு முப்பத்தஞ்சு தாண்டிரும். தாண்டினவனுக்கு முதல் பட்டப் போட்டி கிடையாது. அதுவும் விதிதான்."

விதி எழுதுபவர்களுக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது.

எல்லோரும் சின்னவன் முகத்தைப் பார்த்தார்கள். மகிழ்ச்சிப்பட வேண்டிய இடம் என்று அவனுக்கும் புரிந்தது. "சரி மாஸ்டர்" என்றான். தரையில் கிடந்த கையுறைகளை எடுத்து ஆணியில் மாட்டினான்.

அந்த மாதம் முழுக்க அண்ணி ராஜாங்கம் நடத்தினாள். இத்தனை வருடம் அளந்து அளந்து போட்டவள், இப்போது அள்ளி அள்ளிப் போட்டாள். முட்டை, இறைச்சி, நெய், பால், ராத்திரிப் படுக்கும் முன் வாழைப்பழம். "சாப்பிடுங்க, உங்களை யாரும் அதட்ட மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே தம்பியைக் கடைக்கண்ணால் பார்ப்பாள். பெரியவன் சாப்பிட்டான். கடுமையான பயிற்சி வேறு, தின்றதெல்லாம் எரிந்துபோனது. எடை ஆமை வேகத்தில் ஏறியது. ஆனால் ஏறியது.

எடை பார்க்கும் நாள் காலையில் வீட்டு மிஷினில் அறுபத்தொன்று காட்டியது. அண்ணி கை தட்டினாள். "இன்னிக்கு நான் நிம்மதியாத் தூங்குவேன்" என்றாள்.

சின்னவன் வழக்கம்போல் பை எடுத்து வைத்தான். கைக்கட்டுத் துணி, பல் கவசம், கயிறு, துண்டு, தண்ணீர் பாட்டில், வாளி, பிளாஸ்டிக் சட்டை. எதை எடுத்து வைக்கிறோம் என்று அவன் பார்க்கவில்லை. பார்க்காமல் எடுத்து வைத்துத்தான் பழக்கம்.

விளையாட்டரங்கின் பின்பக்கத்தில் அவர்களுக்கு ஒரு உடை மாற்றும் அறை கொடுத்தார்கள். நீளமான மரப்பெஞ்சு, இரும்பு அலமாரிகள், உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். பக்கத்து அறையில் வெந்நீர்க் கொதிகலன் இருந்ததால் சுவரே சுட்டது. மாஸ்டர் விதிகள் பற்றிய கூட்டத்துக்குப் போய்விட்டார். "நான் வர்றவரைக்கும் சும்மா உக்காந்திருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

சும்மாதான் உட்கார்ந்திருந்தார்கள். எடை பார்ப்பது தள்ளிப்போகிறது என்று ஒருவர் வந்து சொன்னார். பெரியவன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். தாடையைத் தேய்த்தான். ஒவ்வொரு முறையும் இந்த நேரத்தில் அவன் தாடையைத் தேய்ப்பான், பயம் வந்தால் அப்படித்தான். அதைப் பார்த்ததும் சின்னவன் எழுந்தான். பையைத் திறந்தான். பிளாஸ்டிக் சட்டையை உதறினான்.

பெரியவன் கண்ணைத் திறக்காமலே இரண்டு கையையும் மேலே தூக்கினான், குளிப்பாட்டிய குழந்தை சட்டைக்குக் கை தூக்குவது மாதிரி.

அதற்குப் பிறகு நடந்ததில் யாருக்கும் யோசனை தேவைப்படவில்லை. கயிறு சிமெண்டுத் தரையில் டப் டப்பென்று அடித்தது. பெரியவன் தாண்டினான். சின்னவன் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்" என்றான். கொதிகலன் சுவர் சுட்டது. பிளாஸ்டிக் சட்டையின் கையிலிருந்து வேர்வை ஒழுகித் தரையில் கொட்டியது. "தண்ணி" என்றான் பெரியவன். சின்னவன் பாட்டிலை அவன் வாயில் சாய்த்து, உடனே பிடுங்கிக்கொண்டு, வாளியை நீட்டினான்.

"துப்பு."

பெரியவன் துப்பினான்.

கூப்பிட்டார்கள். துடைத்துவிட்டு, ஜட்டியோடு அழைத்துக்கொண்டு போனான். ஊசி ஏற்கெனவே மிஷினில் ஏறியிருந்தான்: ஐம்பத்தொன்பது புள்ளி ஒன்பது. அவன் ஆட்கள் சிரித்துக்கொண்டார்கள். பிறகு பெரியவன் ஏறினான். சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறி நின்றன.

ஐம்பத்தொன்பது புள்ளி எட்டு.

சின்னவன் நெஞ்சில் அந்தப் பழைய நிம்மதி வந்தது. அப்பாடா, உள்ளே வந்துவிட்டான். எண்ணைப் பார்த்ததும் எப்போதும் வரும் நிம்மதி அது. கூட்டம் கை தட்டியது, அவனும் தட்டினான். இரண்டு முறை தட்டிய பிறகுதான் எதிரே மாஸ்டரின் முகம் கண்ணில் பட்டது. செத்த வீட்டில் நிற்பவர் மாதிரி நின்றார்.

சங்கத்து அதிகாரி மைக்கில் சொன்னார். "இரண்டு வீரர்களும் அறுபதுக்குள் இருப்பதால், நாளைய போட்டி இரண்டு பட்டங்களுக்கும் சேர்த்து நடக்கும்."

மாஸ்டர் அவரிடம் ஓடினார். "சார், ஒரு மணி நேரம் குடுங்க. மறுபடி ஏறுவான்."

"அந்த ஒரு மணி நேரம் எடை குறைக்கிறதுக்குங்க. எடை கூட்டணும்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல." அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மாஸ்டரைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

அறைக்குத் திரும்பியதும் மாஸ்டர் கதவைச் சாத்தினார். தரையில் கிடந்த பிளாஸ்டிக் சட்டையைக் காலால் தள்ளினார். "யாருடா போட்டது?"

"நான்தான்" என்றான் சின்னவன்.

"எதுக்குடா?"

சின்னவன் யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான். அண்ணன் தாடையைத் தேய்த்தான், அதனால் மாட்டினேன் என்று சொன்னால் யாருக்குப் புரியும்?

"இவன்தான் மாட்டினான்னா உனக்கு எங்கடா போச்சு புத்தி?" என்று மாஸ்டர் பெரியவன் பக்கம் திரும்பினார்.

"அவன் சட்டையை எடுத்தான், கையைத் தூக்கினேன்" என்றான் பெரியவன். சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. "அய்யோ தம்பி... என்னடா பண்ணித் தொலைச்சோம்?"

மாஸ்டர் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். "ரெண்டு கழுதைங்களையும் நான்தான் வளத்தேன். யாரைச் சொல்லி என்ன?"

அண்ணியிடம் சொல்ல வேண்டிய வேலையும் சின்னவனுக்குத்தான் வந்தது. போனில் குக்கர் விசில் அடிப்பது கேட்டது.

"நீங்களே உங்க தலையில மண்ணள்ளிப் போட்டுக்கிட்டீங்களா தம்பி?"

"ஆமா அண்ணி."

"உங்களுக்கு அழுகை வரலையா?"

"வரணும்தான்."

"அவரை ஜெயிக்கச் சொல்லுங்க" என்றாள். "ரெண்டையும் ஜெயிச்சு ஒண்ணை விட்டுட்டு வரச் சொல்லுங்க. வேற என்ன சொல்றது?"

மறுநாள் சாயங்காலம் பெரியவன் அதைச் செய்துவிடுவான் போலத்தான் இருந்தது. முதல் ஏழு சுற்று அவன் ஊசியைப் பந்தாடினான். வயதானவனின் தந்திரம் எல்லாம் அவன் கையில் இருந்தது: கட்டிப் பிடிப்பது, தோளால் தள்ளுவது, நடுவரின் கண் மறையும் பக்கம் விலா எலும்பில் ஒன்று வைப்பது. மூலைக்கு வந்து உட்காரும்போதெல்லாம், "உனக்குத்தாண்டா, உனக்குத்தான்" என்று தம்பியிடம் சொன்னான். சின்னவன் வாயில் தண்ணீர் ஊற்றி, "துப்பு" என்றான்.

எட்டாவது சுற்றில் கால் நின்றுவிட்டது. அதிலேயே ஊசி அவனை ஒரு தடவை தரையில் உட்கார வைத்தான். ஒன்பதில் பெரியவன் கயிற்றில் சாய்ந்துகொண்டு, கை இரண்டையும் முகத்துக்கு முன்னால் வைத்து, அடிகளை எண்ணிக்கொண்டிருப்பவன் மாதிரி நின்றான். மணி அடித்ததும் எதிரியின் மூலைப் பக்கம் நடக்கத் தொடங்கினான். நடுவர்தான் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்.

ஸ்டூலில் உட்கார்ந்தவனின் முகத்துக்கு எதிரே, மூக்கோடு மூக்கு ஒட்டும் தூரத்தில், சின்னவன் குனிந்து புருவத்து ரத்தத்தைத் துடைத்தான்.

"தம்பி எங்க மாஸ்டர்?" என்றான் பெரியவன். "தம்பியைக் காணோமே."

மாஸ்டர் சின்னவனைத் தன் பக்கம் இழுத்தார்.

"முதல் ஏழு சுத்து நம்மளோடது" என்று மாஸ்டர் தணிந்த குரலில் சொன்னார். "இன்னும் மூணு சுத்து விழாம நின்னாலே பாயிண்ட்ல வந்துரும்னு நினைக்கிறேன். நின்னா." அவர் சின்னவன் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டைப் பார்த்தார். அதை மேடைக்குள் வீசினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். "என் வாயால நான் சொல்ல மாட்டேண்டா. அது உன் பெல்ட்டு. நீயே பாத்துக்கோ."

மணி அடித்தது. பெரியவன் எழுந்து போனான்.

நேற்று அந்த மிஷின் அறுபதைத் தாண்டிக் காட்டியிருந்தால் இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. துண்டை வீசிவிட்டு அண்ணனை வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கலாம், கீழ் பெல்ட் பையிலேயே பத்திரமாக இருந்திருக்கும். இப்போது இந்தத் துண்டு மேடையில் விழுந்தால் அதோடு அதுவும் போகும். சின்னவன் வரிசையில் நின்ற வருடங்கள் எல்லாம் போகும். மூன்று சுற்று. மனிதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டுகூட மூன்று சுற்று நிற்க முடியும். எத்தனையோ பேர் நின்றிருக்கிறார்கள். நிற்கட்டுமே, எனக்காக ஒரு தடவை நின்றால் என்ன என்று சின்னவன் நினைத்தான். ஆமாம், நினைத்தான். அதை அவன் மறைக்கவில்லை.

ஊசி இடது கையை நீட்டினான். பெரியவன் தலை பின்னால் போய்த் திரும்பி வந்தது. மறுபடி போனது, வந்தது. பெரியவன் கையை இறக்கி, அடிகளுக்கு நடுவே, கையுறையால் தாடையைத் தேய்த்தான்.

துண்டு மேடை நடுவில் போய் விழுந்தது.

நடுவர் இரண்டு கையையும் வீசிச் சண்டையை நிறுத்தினார். கூட்டம் கத்தியது, பாதி சந்தோஷத்தில், பாதி ஆத்திரத்தில். யாரோ ஒரு பிளாஸ்டிக் கோப்பையை விட்டெறிந்தார்கள். ஊசியின் இடுப்பில் ஒரு பெல்ட் கட்டினார்கள், தோளில் இன்னொன்றைப் போட்டார்கள். தோளில் போட்டது அறுபது கிலோ பெல்ட். அதன் பித்தளையைப் போன வாரம்தான் சின்னவன் துடைத்து வைத்திருந்தான்.

அறையில் டாக்டர் வந்து பெரியவன் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பேர் கேட்டார், வீடு எங்கே என்று கேட்டார். இரண்டுக்கும் பதில் சரியாக வந்தது. "இன்னும் ஒரு சுத்து விட்டிருந்தா எங்கிட்ட வந்திருக்க மாட்டீங்க" என்று சின்னவனிடம் சொல்லிவிட்டு, புருவத்தில் தையல் போட்டுவிட்டுப் போனார். மாஸ்டர் வண்டி பார்க்க வெளியே போனார்.

சின்னவன் கீழே உட்கார்ந்து, அண்ணன் கையை மடியில் வைத்து, கட்டுத் துணியைக் கத்தரியால் வெட்டினான்.

"ஏண்டா போட்ட?" என்றான் பெரியவன். வீங்கிய உதட்டிலிருந்து வார்த்தை நசுங்கி வந்தது. "நின்னிருப்பேண்டா."

"நின்னிருப்ப."

"அது உன்னோடதுடா."

"தெரியும்ணா."

"கோவமா?"

சின்னவன் இன்னொரு கையை எடுத்து மடியில் வைத்தான். "இல்ல. வருத்தமும் தெரியல. நாளைக்கு வரும்னு நினைக்கிறேன்."

பெரியவன் சுவரில் தலையைச் சாய்த்தான். "தண்ணி" என்றான்.

சின்னவன் பாட்டிலைத் திறந்து அவன் வாயில் சாய்த்தான். ஒரு வாய் போனதும் அவன் கை தானாகவே பாட்டிலைப் பின்னால் இழுத்தது. பெரியவன் கன்னம் உப்பியபடி, தண்ணீரை வாயிலேயே வைத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் தம்பியைப் பார்த்தான். வாளிக்காகக் காத்திருந்தான். எடை பார்ப்பது முடிந்து, சண்டை முடிந்து, இரண்டு பெல்ட்டும் போய், இனி அவன் எந்த மிஷினிலும் ஏறப் போவதில்லை. அப்படியும் தம்பி சொல்லாமல் அவன் விழுங்கவில்லை.

சின்னவன் வாளியைக் காலால் தள்ளிவிட்டான். அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"முழுங்குண்ணா" என்றான்.

பெரியவன் விழுங்கினான். சின்னவன் பாட்டிலை அவன் கையில் கொடுத்துவிட்டு, அது காலியாகும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான்.